நீடித்து உழைக்கும் பாத்திரம் எது? சமையலறைக் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் இருக்கும் அலுமினியம், நான்ஸ்டிக் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். எதில் தொடங்கலாம் ஐயா?

பதில்: ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் பிரித்தெடுக்க ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் பிடிக்கும். பழையதை உருக்கி மறுபடி வார்க்க அதில் 5 சதவீத ஆற்றலே போதும். அந்தச் செலவெல்லாம் உங்கள் கையிலிருக்கும் பாத்திரத்தில் ஏற்கெனவே முடிந்துவிட்டது. நல்ல நிலையில் இருப்பதை எறிந்துவிட்டுப் புதிதாக எவர்சில்வர் வாங்கினால் சூழலுக்கு நட்டம்தான். அலுமினியத்தில் புளிப்பானதைச் சமைக்காதீர்கள், சமைத்ததை அதிலேயே விட்டும் வைக்காதீர்கள். தண்ணீர் காய்ச்சவும் ஆவியில் வேகவைக்கவும் அது தாராளமாக உதவும். பூச்சு உரிந்த நான்ஸ்டிக் இருந்தால் அதை மட்டும் முதலில் நிறுத்துங்கள்.

கேள்வி: ‘பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது’ என்று அட்டையில் போட்டிருந்தால் அந்த நான்ஸ்டிக்கை நம்பி வாங்கலாமா?

பதில்: அது பாதி விவரம். பி.எஃப்.ஓ.ஏ. என்பது பூச்சைத் தயாரிக்கும்போது துணைக்குச் சேர்த்த வேதிப்பொருள். 2019-இல், மக்காத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் அதை ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் சட்டியின் மேல் இருக்கும் பூச்சு பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் என்பது இதுதான்). அதுவும் மக்காத ஃபுளோரின் சேர்மங்களின் குடும்பம்தான். 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது சிதையத் தொடங்கும். வெறும் சட்டியைப் பெரிய தீயில் வைத்தால் சில நிமிடங்களில் அந்தச் சூடு வந்துவிடும். அந்தப் புகை கூண்டுப் பறவைகளைக் கொல்லக்கூடியது. இருப்பதைப் பயன்படுத்துவதானால் சிறு தீயும் மரக்கரண்டியும் போதும், வெறுமனே காயவிடாதீர்கள்.

செராமிக் பூச்சில் ஃபுளோரின் கிடையாது, அது சிலிக்காவில் ஆனது. ஆனால் ஓரிரு ஆண்டுகளிலேயே ஒட்ட ஆரம்பிக்கும். நூலிழை கனமுள்ள பூச்சு போனதற்காக ஒரு முழுச் சட்டியை எறிவது எனக்கு ஒப்பாத காரியம்.

கேள்வி: வார்ப்பிரும்புச் சட்டியை எண்ணெய் தடவிப் பழக்கினேன். பிசின் மாதிரி பிசுபிசுக்கிறது. ஓரத்தில் துருவும் தெரிகிறது.

பதில்: எண்ணெய் கூடிவிட்டது, சூடு குறைந்துவிட்டது. பழக்குவது என்றால் எண்ணெய் சூட்டில் இறுகி, இரும்போடு பிடித்த கெட்டியான படலமாக மாறுவது. படலம் தடிமனாக இருந்தால் உள்ளே இறுகாமல் பிசினாகவே நின்றுவிடும்.

முதலில் பிசினை உப்பும் வெந்நீரும் போட்டுத் தேயுங்கள். துருப் பிடித்த இடத்தைக் கம்பி நாரால் தேய்க்கலாம். துரு அதிகமென்றால் வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள், துருவுக்குப் பிறகு இரும்பையே அரிக்கும். கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் முழுதும் போகக் காயவிடுங்கள். ஒரு சிறு கரண்டி எண்ணெய் எடுத்து உள்ளும் புறமும் தடவி, பிறகு எண்ணெயே தடவவில்லையோ என்று தோன்றும் அளவுக்கு உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். பலர் கோட்டைவிடுவது இந்தத் துடைப்பில்தான். ஓவனில் 230 முதல் 250 டிகிரியில் ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்து, உள்ளேயே ஆறவிடுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்யுங்கள். ஓவன் இல்லையென்றால் சன்னலைத் திறந்துவிட்டு, அடுப்பில் நடுத்தரத் தீயில் புகை அடங்கும் வரை வைக்கலாம்.

லேசான சோப்பு படலத்தைக் கரைக்காது. தண்ணீரில் ஊறப்போடுவதும், தக்காளி போன்ற புளிப்பை வெகுநேரம் கொதிக்கவிடுவதும்தான் கெடுக்கும்.

கேள்வி: காந்தம் ஒட்டாத எவர்சில்வர்தான் அசல் என்கிறார்களே?

பதில்: அந்தச் சோதனையை நம்பாதீர்கள். 304 ரகத்தில் (18/8 என்றும் பொறித்திருப்பார்கள்) 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அதில் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசையிலும் ஒட்டாது, அதில் உப்புப் பட்டுப் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும் வாய்ப்போ அதிகம். 430 ரகத்தில் காந்தம் ஒட்டும், அதுவும் நல்ல எவர்சில்வர்தான். ஆகவே பொறிப்பைப் பாருங்கள். எந்த ரகமானாலும் உப்பைத் தண்ணீர் கொதித்த பிறகு போடுங்கள். குளிர்ந்த நீரில் அடியில் தங்கினால் உலோகத்தில் குழி விழும்.

எவர்சில்வர் சூட்டைக் கடத்துவது அலுமினியத்தில் சுமார் பதினைந்தில் ஒரு பங்குதான். மெல்லிய பாத்திரம் அடிப்பிடிப்பது அதனால்தான். நடுவில் அலுமினியம் வைத்த கனமான அடி நல்லது. அந்த அடுக்குகளை மறுசுழற்சியில் பிரிப்பது கடினம் என்பது உண்மை, ஆனால் பல பத்தாண்டு உழைக்கும் பாத்திரத்தில் அந்தக் குறை பெரிதில்லை. கைப்பிடி தறையடித்து (ரிவெட் போட்டு) இறுக்கியதா என்று பாருங்கள்.

கேள்வி: செம்பு, பித்தளைக்கு ஈயம் பூசுகிறார்கள். ஈயம் நஞ்சு அல்லவா?

பதில்: பெயர்தான் குழப்புகிறது. காரீயம் நஞ்சு. பூச வேண்டியது வெள்ளீயம். பூசுபவரிடம் காரீயம் கலக்காத சுத்த வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், எனவே வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்கக் கூடாது. கம்பி நாரும் ஆகாது. உள்ளே செம்பு தெரிய ஆரம்பித்தால் மறுபடி பூசும் வரை அதில் சமைக்காதீர்கள். திரும்பத் திரும்பப் பூச முடிவதே இதன் பெரிய பலம்.

கேள்வி: மூங்கில் நார்த் தட்டு, குவளை?

பதில்: பெரும்பாலும் மூங்கில் தூளை மெலமைன் என்ற பிளாஸ்டிக் பிசினில் கலந்து அச்சில் வார்த்தவை. மக்காது. 70 டிகிரிக்கு மேல் சூடான எதையும் அதில் ஊற்றாதீர்கள், மைக்ரோவேவிலும் வைக்காதீர்கள். முழு மூங்கிலைச் செதுக்கிச் செய்தது வேறு பொருள்.

கேள்வி: பாத்திரத்தைவிட எரிபொருள்தான் முக்கியம் என்கிறார் ஒரு நண்பர்.

பதில்: சரியாகத்தான் சொல்கிறார். தினமும் சமைக்கும் பாத்திரத்தில், செய்வதற்கு ஆன ஆற்றலை அடுப்பில் எரிப்பது சீக்கிரமே மிஞ்சிவிடும். மூடி போடுங்கள். தீ அடியை விட்டு வெளியே வரக் கூடாது. பிரஷர் குக்கரில் தண்ணீர் 121 டிகிரி வரை போகும், அதனால் வேகும் நேரம் வெகுவாகக் குறையும். அழுத்தம் ஏறியதும் தீயைத் தணியுங்கள். ஆவி ஓரத்தில் கசிந்தால் ரப்பர் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். அதனால் வாங்கும்போதே வளையமும் வால்வும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.