திருகோணமலையின் பெயர் தாங்கிய போர்க்கப்பல்: கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் இன்றும் மிதந்துகொண்டிருக்கும் 'டிரிங்கோமலி' பாய்மரப் போர்க்கப்பலைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

இது பிரிட்டிஷ் கப்பல்தானே? ஏன் இந்தியாவில் கட்டினார்கள்?

நெப்போலியன் போர்களுக்காகக் கப்பல்களைக் கட்டிக் கட்டியே இங்கிலாந்தில் ஓக் மரம் தட்டுப்பாடாகிவிட்டது. பம்பாயிலோ மலபார் தேக்கு இருந்தது, அதைக் கையாளத் தெரிந்த வாடியா குடும்பமும் இருந்தது. அந்தப் பார்சி குடும்பத்தின் ஜம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா 1816-இல் வேலையைத் தொடங்கினார். கப்பலின் அடிமுதுகெலும்பான ஏராக் கட்டையை வைத்த அன்று, தங்கள் மத வழக்கப்படி அதில் ஒரு வெள்ளி ஆணி அடித்தார். 1817 அக்டோபர் 12-இல் கப்பல் நீரில் இறங்கியது. செலவு சுமார் 23,000 பவுண்டு.

உத்தரவு வந்தது என்னவோ 1812-இலேயே. வரைபடங்களை ஏற்றி வந்த 'ஜாவா' கப்பலை அதே ஆண்டு டிசம்பரில் பிரேசிலுக்கு அப்பால் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' வீழ்த்தியது. வரைபடங்களும் அதோடு போயின, புதிய பிரதி அனுப்ப வேண்டியதாயிற்று.

தேக்குக்கு அப்படி என்ன சிறப்பு?

ஓக் மரத்தில் உள்ள அமிலம் இரும்பு ஆணிகளை அரித்துவிடும். தேக்கின் எண்ணெய்ப்பசை இரும்பைக் காப்பாற்றும். கப்பலைத் துளைக்கும் கடற்புழுவும் தேக்கை எளிதில் அண்டாது. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் கப்பலின் மரத்தில் பெரும்பகுதி பம்பாயில் வைத்த அதே மரம்தான். இதன் கதையை எழுதுகிறவர்கள் கேப்டன்களின் பெயரோடு தொடங்குகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. முதலில் சொல்ல வேண்டிய பெயர் வாடியாவுடையது.

திருகோணமலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1782-இல் திருகோணமலைக்கு அப்பால் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கடற்படைகள் மோதிக்கொண்டன. அந்தப் போரின் நினைவாக வைத்த பெயர் என்பார்கள்.

எத்தனை போர்களில் சண்டையிட்டது?

பெரிய கடற்போர் ஒன்றில்கூட இல்லை. 1819-இல் போர்ட்ஸ்மவுத் வந்தபோது நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் சிறைப்பட்டிருந்தார், போர் முடிந்துவிட்டது. கப்பலைச் சேமிப்பில் போட்டார்கள். 1845-இல்தான் வெளியே எடுத்தார்கள். பின்பகுதியை மாற்றியமைத்தார்கள். பீரங்கிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, அதிக வலுவுள்ளவற்றைப் பொருத்தினார்கள். நீராவிக் கப்பல்கள் வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு பழைய பாய்மரக் கப்பலுக்கு இப்படி இரண்டாம் வாழ்வு!

அப்புறம் என்னதான் செய்தது?

1847 முதல் மேற்கிந்தியத் தீவுகள், வட அமெரிக்கக் கரைகளில் ரோந்து. அடிமை வணிகத்தைத் தடுக்கும் காவலும் அதில் அடக்கம். 1852-இல் பசிபிக் படைப்பிரிவில் சேர்ந்தது, கிரிமியப் போர்க்காலம் அங்கேயே கழிந்தது. 1856-இல் இன்றைய கனடாவின் வான்கூவர் தீவின் ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ் கௌவிச்சன் பழங்குடியினர் மீது படையெடுத்தபோது வீரர்களைக் கொடுத்தது இந்தக் கப்பல்தான். இதைப் பெருமையாகப் பேச என்னால் முடியாது. ஒரு பேரரசின் அதிகாரத்தைச் சுமந்து திரிந்த கப்பல் அது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் பகுதியில் ஒரு நீர்வழிக்கு இன்றும் 'டிரிங்கோமலி கால்வாய்' என்று பெயர். 1857-இல் கப்பல் ஊர் திரும்பியது.

எத்தனையோ கப்பல்கள் உடைபட்டபோது இது மட்டும் எப்படிப் பிழைத்தது?

பயிற்சிக் கப்பலாக மாறியதால். 1860 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடற்படையின் சேமப்படையினருக்கு அதில் பயிற்சி கொடுத்தார்கள். 1897-இல் பழைய மரவிலைக்குப் போனது. அதே ஆண்டு ஜெஃப்ரி வீட்லி காப் என்பவரின் பயிற்சிக் கப்பலான 'ஃபூட்ராயன்' பிளாக்பூல் கரையில் புயலில் சிதைந்தது. அவர் டிரிங்கோமலியை வாங்கி, அதற்கு ஃபூட்ராயன் என்ற பெயரையே சூட்டினார். 1986 வரை இளைஞர்கள் அதில் தங்கிப் பயின்றார்கள். 1987-இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்து, பிறகு சீரமைக்கத் தொடங்கினார்கள். 1992-இல் பழைய பெயர் திரும்பியது, 2001-இல் வேலை முடிந்தது.

நெல்சனின் போர்க்கப்பல் 'விக்டரி'தானே இதைவிடப் பழையது?

பழையதுதான், ஆனால் அது தண்ணீர் இல்லாத உலர்துறையில் நிற்கிறது. பிரிட்டனில் இன்னும் தண்ணீரில் மிதக்கும் போர்க்கப்பல்களில் மூத்தது டிரிங்கோமலி. ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் ஸ்காட்லாந்தின் டண்டீக்குப் போங்கள். 1824-இல் நீரில் இறங்கிய 'யூனிகார்ன்' அங்கே இருக்கிறது. இதே வகைக் கப்பல்தான். பாய்மரம் ஏற்றாமல், மேலே கூரை போட்டே வைத்துவிட்டார்கள். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் என் தேர்வு டிரிங்கோமலி.