வாசகர் கேள்வி – பதில்: பைன் மரமும் கன அளவும்

கேள்வி: உத்தராகண்டில் சீர் பைன் (இமயமலைப் பைன் வகை) காட்டில் களப்பயிற்சியில் இருக்கிறேன். மார்பு உயர (1.37 மீட்டர்) விட்டமும் மொத்த உயரமும் ஒன்றாக உள்ள இரண்டு மரங்களுக்கு அட்டவணை ஒரே கன அளவைத்தான் தருகிறது. ஆனால் ஒன்று மேல்வரை பருமனாக இருக்கிறது. மற்றது சீக்கிரமே மெலிந்துவிடுகிறது. எதை நம்புவது?
– வனவியல் மாணவி, மேட்டுப்பாளையம்

பதில்: உங்கள் கண்ணை நம்புங்கள். அட்டவணைக்குத் தெரிந்தது சராசரி வடிவம் மட்டுமே. நெருக்கமாக வளர்ந்த பைன் நெடுக ஏறக்குறைய ஒரே பருமனில் போகும். முகட்டில் தனித்து நிற்பது அடி பெருத்து, மேலே விரைவில் ஒடுங்கும். விட்டம் 40 செ.மீ., உயரம் 25 மீட்டர் என்றால் முழு உருளையாக 3.14 கன மீட்டர். அந்த உருளையில் மரம் நிரப்பும் பங்கான வடிவக் காரணி 0.42 ஆனால் 1.32, 0.48 ஆனால் 1.51. ஒரே மரத்தில் 0.19 கன மீட்டர் வித்தியாசம்; ஹெக்டேருக்குப் பெருக்கினால் சின்னக் கணக்கல்ல.

இதற்காகத்தான் டேப்பர் சமன்பாடு. எந்த உயரத்தில் எவ்வளவு விட்டம் என்று அது சொல்லும். குறுக்குப் பரப்பைக் கீழிருந்து மேலாகத் தொகையிட்டால் கன அளவு கிடைக்கும். கோசாக், மன்ரோ, ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் 1969-இல் தந்த இருபடிச் சமன்பாடு எளிது. ஆனால் அடிமரத்தின் வீக்கம் அதில் பிடிபடாது. மேக்ஸ், பர்க்ஹார்ட் (1976) தண்டை மூன்று துண்டாக்கி இரண்டு இடத்தில் இணைத்தார்கள். முதன்முறை செய்பவர் இதில் தொடங்குவது நல்லது. கோசாக்கின் 1988 வடிவத்தில் அடுக்குக்குறியே உயரத்தோடு மாறும். துல்லியம் அதிகம், பொருத்துவது கடினம். எந்தச் சமன்பாடானாலும், ரிலாஸ்கோப்பால் (கீழே நின்றபடி மேல்விட்டத்தை அளக்கும் ஒளியியல் கருவி) 5, 6 மீட்டர் உயரத்தில் இன்னொரு விட்டம் எடுத்துச் சேர்த்தால் உங்கள் இரண்டு மரங்களும் பிரிந்து தெரியும்.

கேள்வி: சமன்பாட்டுக்கான மாதிரி மரத்தை எப்படி அளப்பது?

பதில்: 0.3 மீட்டர், 1.37 மீட்டர், பிறகு 2 மீட்டருக்கு ஒன்று என நுனிவரை. சரிவில் வளர்ந்த பைனின் வெட்டுமுகம் வட்டமாக இருக்காது. பள்ளப் பக்கம் வளையங்கள் அகலமாகிக் வளையங்களின் மையம் மேட்டுப் பக்கம் ஒதுங்கிவிடும். அதனால் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு விட்டம் எடுங்கள். சீர் பைனுக்குப் பட்டை தடிமன். அதைத் தனியே அளக்காவிட்டால் பட்டையையும் மரமாக எண்ணிவிடுவீர்கள்.

பலரும் சறுக்குவது அடித்துண்டில். 3 மீட்டர் துண்டு, முனைகள் 50, 38 செ.மீ., நடு 41 செ.மீ. என்று வைப்போம். இரு முனைப் பரப்பின் சராசரியை எடுக்கும் ஸ்மேலியன் முறையில் 0.465 கன மீட்டர். நடுவை மட்டும் பார்க்கும் ஹூபர் முறையில் 0.396; மூன்றையும் சேர்க்கும் நியூட்டன் முறையில் 0.419. அடி உட்குழிந்து விரிவதால் ஸ்மேலியன் 11 சதவீதம் கூட்டிக் காட்டுகிறது. அந்தப் பகுதியை அரை மீட்டர் துண்டுகளாக அளந்தால் பிழை அடங்கும்.

உத்தராகண்டில் 1000 மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்டக் கட்டுப்பாடு உண்டு என்பதால் காற்றில் சாய்ந்தவற்றையே அளக்கத் தோன்றும். அவற்றில் காட்டோர மரங்களே அதிகம் சேரும். கணக்கும் அந்தப் பக்கமே சாயும். நிற்கும் மரங்களையும் ரிலாஸ்கோப்பால் சேர்த்துக்கொள்ளுங்கள். சமன்பாட்டைச் சோதிக்கச் சில மரங்களை முழுதாக ஒதுக்கி வையுங்கள். ஒரே மரத்தின் அளவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. சில புள்ளிகளை மட்டும் ஒதுக்கினால் சமன்பாடு உள்ளதைவிட நல்லதாகத் தோன்றும்.

கேள்வி: பிசின் எடுத்த வடு மார்பு உயரத்திலேயே இருந்தால்?

பதில்: அங்கே அளக்காதீர்கள், பட்டையும் சதையும் குறைந்திருக்கும். வடுவுக்கு மேலே நல்ல இடத்தில் அளந்து, உயரத்தையும் குறித்துக்கொண்டால், டேப்பர் சமன்பாட்டைத் திருப்பிப் போட்டு மார்பு உயர விட்டத்தைப் பெறலாம்.

கேள்வி: மரக்கடைக்காரர் சுற்றளவை நான்கால் வகுத்து வர்க்கப்படுத்துகிறார். அது சரியா?

பதில்: உருண்டை மரத்தின் உண்மைக் கன அளவில் 78.5 சதவீதமே அதில் வரும். அறுக்கும்போது போகும் கழிவை விட்டுக்கொடுக்கும் வணிக வழக்கம் அது. காட்டின் இருப்புக் கணக்கில் கலக்கக் கூடாது.

கேள்வி: 30 பாகைச் சரிவில் 500 சதுர மீட்டர் வட்ட மாதிரிக் கூறு (மரங்களை அளக்கும் பரப்பு) போடுவது எப்படி?

பதில்: ஆரம் 12.62 மீட்டர், கிடைமட்டத்தில். சரிவோடு மேலும் கீழும் நாடா இழுத்தால் 14.57 மீட்டர் வேண்டும், குறுக்கே 12.62 போதும். எல்லாப் பக்கமும் 12.62 என்று இழுத்தால் கிடைமட்டப் பரப்பு 433 சதுர மீட்டராகச் சுருங்கி, ஹெக்டேர்க் கணக்கு 13 சதவீதம் குறையும். மார்பு உயரத்தை எப்போதும் மேட்டுப் பக்கத்திலிருந்தே அளக்க வேண்டும்.