பிப்ரவரியில் ஹனிஃபாருவா? தேதியை மாற்றுங்கள்

பிப்ரவரியில் மாலத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவில் ஸ்கூபா (காற்றுக் கலனுடன் ஆழத்தில் முழுகுவது) செய்து மாண்டா திருக்கைகளைப் பார்க்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள், நண்பரே. இரண்டு சிக்கல்கள். அங்கே ஸ்கூபாவுக்குத் தடை. ஸ்நோர்க்கல் (மூச்சுக்குழாயுடன் நீர்ப்பரப்பில் மிதந்தபடி பார்ப்பது) மட்டும்தான், அதுவும் 45 நிமிடம். அடுத்தது, பருவம் மே முதல் நவம்பர் வரை. தென்மேற்குப் பருவக்காற்றின் நீரோட்டமும் அலையேற்றமும் மிதவை உயிரிகளை (நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள், திருக்கைகளின் உணவு) அந்தக் குறுகிய விரிகுடாவுக்குள் தள்ளிக் குவிக்கின்றன. திருக்கைகள் அகல வாய் திறந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று மேய்வது அதற்காகத்தான். தேதியை மாற்ற முடிந்தால் ஆகஸ்டில், அலையேற்றம் வலுவாக இருக்கும் பௌர்ணமி அல்லது அமாவாசையை ஒட்டிப் போங்கள். முடியாதென்றால் ஹனிஃபாருவை விட்டுவிடுங்கள். தெற்கு அரி பவளத்தீவில் திமிங்கிலச் சுறா ஆண்டு முழுவதும் தென்படும். ஸ்கூபா ஆசையும் அங்கே தீரும். கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் இடையில் 18 மணி நேரமாவது விடுங்கள்.