காளானுக்குப் பச்சையமே இல்லை, அப்புறம் எதற்கு வெளிச்சம்?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை. இதற்குத் தப்பான பதிலை நம்பி ஒரு முழு அறுவடையை இழந்தவள் நான். நீங்களும் சிப்பிக் காளான் போட்டுவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தொப்பி விரியவில்லை, சரிதானே?

எனக்குப் பயிற்சி கொடுத்தவர், "பச்சையம் கிடையாது, அதனால் இருட்டுதான் வேண்டும்" என்றார். வைக்கோலுக்குள் காளானின் வேர் மாதிரியான வெள்ளை இழை பரவும் வரைக்கும் அது சரி. 18ஆம் நாள் வைக்கோல் படுக்கையெல்லாம் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் கறுப்புத் தார்ப்பாயை நான் எடுக்கவில்லை. பைத் துளைகளிலிருந்து விரல் நீளத்துக்கு வெறும் தண்டுதான் வந்தது. நுனியில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு தொப்பி. 40 படுக்கை. மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் அள்ளிக்கொண்டு போய் எருக்குழியில் கொட்டினார்.

கரியமில வாயு தேங்கினாலும் இப்படித்தான் வரும் என்று யாராவது சொல்வீர்கள். தெரியும். அதனால்தான் அடுத்த தடவை ஒரே குடிலை நடுவில் கறுப்புத் துணியால் மறைத்து, அடியில் காற்றுக்கு ஒரு முழம் விட்டு, இரண்டு பக்கமும் ஜன்னலை ஒரே அளவு திறந்து வைத்தேன். ஒரு பக்கம் மட்டும் பகலில் வெள்ளை எல்இடி. அந்தப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தொப்பி விரிந்தது. இது ஆய்வகச் சோதனை இல்லைதான், எனக்கு இது போதும்.

காரணம் தேடிப் படித்தபோதுதான் நியூரோஸ்போரா கிராஸா என்ற ஆரஞ்சு நிற ரொட்டிப் பூஞ்சையைப் பற்றித் தெரிந்தது. அதில் ஒயிட் காலர்-1, ஒயிட் காலர்-2 என்று இரண்டு புரதங்கள் ஜோடியாக இருக்கின்றன. முதலாவது, நீல ஒளியை உறிஞ்சும் ஃபிளேவின் என்ற மூலக்கூறு ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறது. நீல ஒளி பட்டதும் அதன் வடிவம் மாற, ஜோடி டிஎன்ஏவில் இருந்தபடியே மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. ஒளியை உணர்வதும் அதுவே, வேலை வாங்குவதும் அதுவே! அந்த ஆரஞ்சு நிறமியைத் தயாரிக்கும் மரபணுக்களின் ஆர்என்ஏ, அதாவது மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல், அரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடுகிறது. அப்புறம் விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அது இறங்கிவிடும். ஏனென்றால் அதே ஒளியால் உருவாகும் விவிட் என்ற புரதம் வந்து ஒயிட் காலரை அடக்கிவிடுகிறது.

அது பூஞ்சணம், காளான் இல்லையே என்பவர்களுக்கு: கோப்ரினாப்சிஸ் சினெரியா என்ற காளானில் ஒயிட் காலர்-1 போன்ற டிஎஸ்டி1 மரபணு கெட்டுப்போனால், வெளிச்சத்தில் வைத்தாலும் இருட்டில் வளர்ந்தது போலவே அடித்தண்டு நீண்டுகொண்டே போகும், தொப்பி தேறாது. அதைப் படித்த அன்று என் 40 படுக்கைதான் கண் முன்னால் வந்து நின்றது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பாடுபட்டு விளைவித்ததைக் கடையில் கொடுத்தால், விற்காத பாக்கெட்டை மூன்றாம் நாள் நம் தலையில் கட்டுகிறார்கள். தக்காளி மண்டிக்காரரிடம் இப்படித் திருப்பிக் கொடுப்பார்களா? வீட்டிலிருந்து காளான் போடும் பெண்கள் என்றால் அவ்வளவு இளக்காரம்.

சரி, உங்கள் குடிலுக்கு வருகிறேன். மொட்டு வரும் சமயத்தில் உள்ளே நின்று செய்தித்தாள் படிக்கிற அளவு வெளிச்சம் இருந்தால் போதும். நேர் வெயில் வேண்டாம், படுக்கை காய்ந்துவிடும். சிவப்பு பல்பையும் நம்ப வேண்டாம். சிவப்பை உணரும் பூஞ்சைகளும் உண்டு, ஆனால் நான் சொன்ன ஒயிட் காலருக்கு நீல ஒளிதான் வேண்டும். தண்டும் தொப்பியும் தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.