ஃபயர்ஃபிளை என்ற அமெரிக்க விண்வெளித் தொடரை எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? நடுநடுவே ஏன் சீனம் பேசுகிறார்கள்?

ரயில் கொள்ளை பகுதியில் தொடங்கினேன், யார் யாரென்றே புரியவில்லை என்கிறீர்கள். புரியாதுதான். ஆட்களை அறிமுகப்படுத்த எடுத்த இரண்டு மணி நேர முதல் பகுதியை ஒதுக்கிவிட்டு, ஃபாக்ஸ் சேனல் 2002 செப்டம்பரில் ரயில் கதையைத்தான் முதலில் போட்டது. அந்த நிஜமான முதல் பகுதி டிசம்பரில், தொடரை நிறுத்துவதாக முடிவெடுத்த பிறகு வந்தது. எடுத்தது 14 பகுதிகள், அப்போது ஒளிபரப்பியது 11 தான். அதனால் 'செரினிட்டி' பகுதியில் தொடங்கி டிவிடி வரிசையில் போங்கள். 2005இல் வந்த படத்துக்கும் அதே பெயர்தான், குழம்பிப்போய் அதை முதலில் பார்த்துத் தொலைத்துவிடாதீர்கள்.

அப்புறம் அந்தச் சீனம். கதைப்படி அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து உருவான வல்லரசுதான் எதிர்காலத்தை ஆள்கிறது, அதனால் எல்லாரும் மாண்டரினில் திட்டிக்கொள்கிறார்கள். இங்கே பினாங்கில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து இதைப் பேசினால் போதும், ஹொக்கியன் பேசும் எங்கள் சீன நண்பன், தொடரின் நாயகன் கேப்டன் மாலின் சீன உச்சரிப்பை அப்படியே செய்துகாட்டுவான், சிரிப்பில் தே தாரிக் டீ மூக்கில் ஏறிவிடும். ஒரே வாக்கியத்தில் தமிழும் மலாயும் ஹொக்கியனும் கலக்கிற நமக்கு அந்த விண்கப்பல் பேச்சு ஒன்றும் விசித்திரமில்லை. இவ்வளவு சீனம் பேசுகிற கப்பலில் ஒரு சீன முகம்கூட இல்லையே, அதுதான் விசித்திரம்.