மலையேற்றம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: போக வர 14 கிலோமீட்டர், ஏற்றம் 1,200 மீட்டர். உச்சிக்கு முன் கடைசி 150 மீட்டர் பாறையில் கையூன்றி ஏறவேண்டுமாம். நான் மலையேற்றத்துக்குப் புதிது. இருட்டுவதற்குள் திரும்பிவிட முடியுமா?

பதில்: விடியும்போதே நடக்கத் தொடங்கினால் முடியும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது. 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம். உங்கள் பாதைக்கு 4 மணி 48 நிமிடம் வருகிறது. இதை நம்பி ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடாதீர்கள். நல்ல பாதையில் நிற்காமல் நடக்கும் பழகிய கால்களுக்கான கணக்கு இது. பாறையில் ஏற ஒரு மணி, இறங்க ஒரு மணி, சாப்பிட்டு மூச்சு வாங்க ஒரு மணி, புதியவர் என்பதால் மேலும் இரண்டு மணி சேருங்கள். பத்து மணி நேரம் ஆகிவிடும். காலை 6 மணிக்குக் கிளம்புகிறவர் பகல் 12-ஐத் திரும்பும் நேரமாக முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும். 12 அடித்தால் உச்சி கண்ணுக்கு எதிரே இருந்தாலும் திரும்பத்தான் வேண்டும். அங்கே நின்று யோசித்தால் மனம் கட்டாயம் ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று சொல்லும்.

கேள்வி: இதற்குக் கயிறு வேண்டாமா?

பதில்: அமெரிக்காவின் யோசெமிட்டி தரவரிசையில் 1 என்றால் வெறும் நடை, 5 என்றால் கயிறு கட்டி ஏறும் பாறையேற்றம். கையும் காலும் சேர்ந்து வேலை செய்யும் 3-ஆம் தரத்தில் பொதுவாகக் கயிறு இல்லாமலே ஏறுகிறார்கள். புதியவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 4-இல் விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்கட்டும். ஒன்று மட்டும் நகரட்டும். ஒரு பிடியை நம்புவதற்கு முன் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஒலித்தாலோ, லேசாக அசைந்தாலோ விட்டுவிடுங்கள். நல்ல பிடியையும் கீழ்நோக்கி அழுத்தியே பயன்படுத்துங்கள். வெளிப்பக்கமாக இழுத்தால் கல் பெயர்ந்து வந்துவிடலாம்.

பயத்தில் எல்லோரும் செய்வது பாறையோடு ஒட்டிக்கொள்வது. உடம்பு பாறைப் பக்கம் சாயச் சாய, பாதம் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு வழுக்கும். இடுப்பைச் சற்று விலக்கி நிமிர்ந்து நின்றால் எடை நேராகப் பாதத்தில் இறங்கும், காலணியின் அடிப்பாகம் பாறையை நன்றாகப் பிடிக்கும். கை சமநிலைக்குத்தான், தூக்கவேண்டியது கால்.

முன்னால் போகிறவருக்கு நேர் கீழே நிற்காதீர்கள். கல் உருண்டால் யாருடைய காலிலிருந்து உருண்டது என்று பார்க்காமல் ‘கல்!’ என்று கத்துங்கள். தளர்ந்த கற்கள் உள்ள பாதை என்றால் ஹெல்மெட் கட்டாயம்.

கேள்வி: ஏறிவிடுவேன். இறங்கத்தான் பயமாக இருக்கிறது.

பதில்: நியாயமான பயம். ஏறும்போது அடுத்த பிடி கண்ணுக்கு முன்னால் இருக்கிறது; இறங்கும்போது கால் துழாவித் தேடுகிறது. அதனால் கடினமான இடத்தில் இரண்டு அடி ஏறியதும் ஓர் அடி இறங்கிப் பாருங்கள். இறங்க வராத இடத்தில் ஏறாதீர்கள். அடிக்கடி திரும்பிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வதும் உதவும்; மேலிருந்து பார்த்தால் அதே பாதை வேறாகத் தெரியும்.

சரிவு குறைவான இடத்தில் வெளிப்பக்கம் பார்த்து, கொஞ்சம் கூடினால் பக்கவாட்டில், செங்குத்தாக இருந்தால் பாறையைப் பார்த்து இறங்குங்கள். உட்கார்ந்து சறுக்கினால் முதுகுப்பை பின்னால் பாறையில் இடித்து உங்களை முன்னால் தள்ளும். ஊன்றுகோல்களைப் பாறை தொடங்குமுன்பே மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். வெளியே எதுவும் தொங்கக் கூடாது.

இறக்கத்தில் தொடை நடுங்குவதற்குக் காரணம், தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவது. மாடிப்படியில் பையோடு ஏறுவதைவிட மெதுவாக இறங்குவதுதான் இதற்கான பயிற்சி. சில வாரம் முன்பே தொடங்குங்கள்.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு?

பதில்: மணிக்கு அரை லிட்டர் வீதம் 5 லிட்டர், வெயில் கடுமையானால் இன்னும் கூட. உப்புச் சேர்ந்த தீனியும் வேண்டும். நிறைய வியர்த்து வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும்.

கேள்வி: பாதி வழியில் மழை வந்தால்?

பதில்: உச்சியை விட்டுவிடுங்கள். பாசி படிந்த ஈரப்பாறையில் 3-ஆம் தரம் 3-ஆம் தரமாக இருக்காது. இடி கேட்டால் முகட்டிலிருந்து உடனே இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் மேலே போகாதீர்கள்.

கேள்வி: அடிபட்டு, போனிலும் சிக்னல் இல்லை என்றால்?

பதில்: விசில். ஒரு நிமிடத்தில் 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். நிமிடத்துக்கு 3 முறை விசில் திரும்பக் கேட்டால் உங்கள் குரல் எட்டிவிட்டது என்று பொருள். அவர்கள் வந்து சேரும்வரை ஊதிக்கொண்டே இருங்கள். இருட்டினால் இதே கணக்கில் ஹெட்லேம்ப்பை அணைத்து அணைத்து எரியவிடுங்கள்.