மாடியைப் பார்க்கும் முன் மீட்டரைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 640 யூனிட் வாக்கில் ஓடுகிறது. சோலார் போட்டால் மத்திய அரசு 78,000 ரூபாய் தருகிறதாம், 5 கிலோவாட்டாகவே போட்டுவிடுங்கள் என்று ஏஜென்ட் ஒருவர் நச்சரிக்கிறார். போடலாமா?
- வாசகி, மதுரை

பதில்: தாராளமாகப் போடுங்கள், ஆனால் 5 வேண்டாம், இரண்டு போதும். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000. அதோடு சரி. நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் இந்தத் திட்டத்தில் ஒரு பைசா கிடையாது, எல்லாம் உங்கள் கைக்காசு. ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டாரே!

நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. இரண்டு கிலோவாட் என்றால் 480. உங்கள் 640-இல் அதைக் கழித்தால் மிச்சம் 160, அதிலும் முதல் 100 யூனிட் தமிழ்நாட்டில் எப்படியும் இலவசம், ஆக வெறும் 60 யூனிட்டுக்குத்தான் பில். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஐந்து போட்டால் 1,200 யூனிட் வரும், உங்கள் வீட்டுச் செலவைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதை வைத்து என்ன செய்வீர்கள்?

இரண்டு விஷயம் கவனியுங்கள். முழுத் தொகையையும் முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும் (வங்கிக் கடன் உண்டு), சோலார் பலகை மாடி ஏறி, சோதனை முடிந்து, நெட் மீட்டர் (நீங்கள் எடுக்கும் மின்சாரத்தையும் லைனுக்குத் தரும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) மாட்டிய பிறகுதான் மானியம் உங்கள் கணக்கில் விழும், அதுவும் பலகையும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் உள்நாட்டிலேயே செய்தவையாக இருந்தால்தான். அப்புறம் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். காலமான மாமனார் பெயரிலேயே பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனையோ! பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள், இல்லையென்றால் பாதி வழியில் நிற்கும்.

நிழலையும் பாருங்கள். எங்கள் மாடியில் மூன்று மணிக்கு மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஓரத்துப் பலகை ஒன்றின் மேல் விழும், அந்த ஒரு பலகை சுணங்கினால் அதோடு கோத்திருக்கும் மற்றவையும் சேர்ந்து சுணங்கும். போட்ட பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

கேள்வி: மாடி நிறைய சோலார் இருந்தும், பட்டப்பகலில் கரண்ட் போனால் ஃபேன் நிற்கிறது. ஏமாந்துவிட்டேனா?
- வாசகர், திருச்சி

பதில்: இல்லை ஐயா. மானியத்தில் வருவது பெரும்பாலும் இ.பி. லைனோடு சேர்ந்து ஓடும் வகை. லைனில் கரண்ட் போன நொடியே அதன் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், நிற்கத்தான் வேண்டும். இல்லையென்றால் உங்கள் மாடியிலிருந்து கிளம்பும் மின்சாரம், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனை அடித்துவிடும். கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் வகை வேண்டும், செலவு கூடும், பேட்டரிக்கு இந்த மானியம் கிடையாது. விற்கும்போதே இதைச் சொல்லாதது அவர்கள் தப்புதான்.

கேள்வி: வாடகை வீடு, மாடி எங்களுடையது இல்லை. 590 யூனிட் வருகிறது. எங்களுக்கு ஒன்றும் கிடையாதா?
- வாசகி, சென்னை

பதில்: உங்களுக்குத்தான் இருப்பதிலேயே சுலபமான வழி. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட்தான். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். மூன்று மாற்றினால் 120, உங்கள் 590 இறங்கி 470 ஆகும்.

சூட்சுமம் 500 யூனிட் என்ற எல்லையில் இருக்கிறது. 500-ஐத் தாண்டியதும் மேலே உள்ள யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போவது மட்டுமல்ல, 101-இலிருந்து 200 வரை இரண்டே கால் ரூபாய்ச் சொச்சத்துக்குக் கிடைத்த சலுகையும் பறிபோகிறது. 2024 ஜூலைக் கட்டணப்படி கணக்குப் போட்டால் ஒரு பில்லுக்கு 1,200 ரூபாய் அளவுக்குக் குறையும், மூன்று ஃபேன் விலை ஒன்பதாயிரம் என்று வைத்தாலும் ஒன்றரை வருஷத்துக்குள் வந்துவிடும். வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம், சோலாரை அப்படி முடியுமா?

ஃபேனுக்கு நேரடி மானியம் இல்லையே என்பீர்கள். எல்.இ.டி. பல்பும் அப்படித்தான். 2014-இல் 310 ரூபாய்க்கு அரசு கொள்முதல் செய்த பல்பு, மத்திய அரசின் உஜாலா திட்டத்தில் கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கியதில் 2016-இல் 38 ரூபாய்க்கு வந்தது. மக்கள் கையில் மானியமாகக் காசு கொடுக்காமல், விலையை இறக்கியே எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைந்தது.

கேள்வி: நாங்கள் 2017-இல் கூரையில் சோலார் பூட்டினோம். யூனிட்டுக்கு 22 ரூபா தந்தவர்கள் பிறகு 15.50 ஆக்கிவிட்டார்கள். முறையிடலாமா?
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். இலங்கையில் 2016-இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமத் திட்டத்திலேயே, மிகுதி மின்சாரத்துக்கு முதல் ஏழு ஆண்டுகள் 22 ரூபா, எட்டாவது ஆண்டிலிருந்து இருபதாவது ஆண்டு வரை 15.50 என்றுதான் இருந்தது. உங்களுக்கு ஏழு ஆண்டு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். போட்ட முதலில் பெரும்பகுதியை அந்த ஏழு ஆண்டுகளில் எடுத்துவிடட்டும் என்பது கணக்கு.

2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைச் சோலாரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது ஞாபகம் இருக்கும். தொழிற்சாலைகள் மூடி, தேவை சரிந்து, மத்தியான வெயிலில் வந்த மின்சாரத்தை என்ன செய்வதென்று தெரியாத நிலை. அதனால் தண்ணீர் மோட்டரையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் இனி மத்தியானத்திலேயே ஓட விடுங்கள். மின் விநியோகத்துக்கும் அதுதான் உதவி.